வாரக் கணக்கு

ஜனவரி 9

என் சில்வண்டுக்கு,

நான் நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நீ எப்படி இருக்கிறாய்? காய்ச்சல் உண்டா, எடை குறைந்திருக்கிறதா, பல் தேய்க்கும்போது ரத்தம் வருகிறதா? முதலில் இந்த மூன்றுக்கும் பதில் எழுது. உன் கதைகளை அப்புறம் ஆரம்பி.

இங்கே மலையை வெட்டி ரோடு போடுகிறார்கள். அறுபது ஆண்கள், சமைக்க நான் ஒருத்தி. முதல் நாளே ஒருவர் உப்பு கம்மி என்றார். உப்பு டப்பாவை அவர் கையில் கொடுத்து, "நாளைக்கு நீங்களே வந்து போடுங்க" என்றேன். மறுநாளிலிருந்து யாருக்கும் உப்பு குறையவில்லை. போன் இங்கே எடுக்காது. வாரம் ஒருமுறை மளிகை லாரி வரும், டிரைவர்தான் எங்களுக்குத் தபால்காரர். அதுவும் நல்லதுதான். போனில் என்றால் "நல்லா இருக்கேன்க்கா" என்று சிரித்தே தப்பித்துவிடுவாய்.

மூன்று மாதம் உன் தட்டுக்குப் பக்கத்தில் மாத்திரையையும் நானே எடுத்து வைத்தேன். இனி உனக்கு நீதான் அக்கா. டாக்டரம்மா சொன்னதை மறந்துவிடாதே. இந்த ரத்தப் புற்றுநோய் தினம் ஒரு மாத்திரைக்கு அடங்கிக் கிடக்கும், விட்டால் எழுந்துகொள்ளும். நூற்றுக்கு ஒன்பதுதான் கெட்ட அணு என்று ரிப்போர்ட் வந்ததும் அவர் எப்படிச் சிரித்தார், பார்த்தாய் அல்லவா? அந்த ஒன்பதை ஒன்றுமில்லாமல் ஆக்க வேண்டும்.

இன்னொன்று. திரும்ப வேலைக்குப் போகிறாய், அங்கே ஒருத்தரிடமும் மூச்சு விடாதே. தெரிந்தால் வேலையும் போகும், நாளைக்கு உன்னைக் கேட்டு வருகிறவனும் திரும்பிப் பார்க்காமல் போவான்.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா


ஜனவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

காய்ச்சல் இல்லை. எடை அப்படியே. பல்லில் ரத்தம் இல்லை. மூன்றுக்கும் பதில் சொல்லிவிட்டேன், இனி கதை சொல்லலாமா? முதலில் உன் முட்டிவலி எப்படி இருக்கிறது, அதைச் சொல்.

என் பழைய மிஷினையே எனக்குக் கொடுத்துவிட்டார்கள். மறுபடியும் சட்டைக்குக் கை வைக்கிறேன். எனக்கு முன்னால் காலர்காரி, பின்னால் பட்டன்காரி, மேஜைக்கு அந்தப்பக்கம் நம் நிமிஷக்காரர். சூப்பர்வைசர்தான். ஆனால் கழுத்தில் தாலி மாதிரி ஒரு கடிகாரத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு திரிகிறவரை வேறு என்ன சொல்லிக் கூப்பிடுவது? லைனுக்கு நாற்பது பேர், பாத்ரூம் போக ஒரே ஒரு மர டோக்கன். அது அவர் மேஜை ஆணியில் தொங்கும். ஒருத்தி கொண்டுவந்து மாட்டினால்தான் அடுத்தவள் எழுந்திருக்கலாம். ஆளுக்கு இரண்டு தடவை, தடவைக்கு ஆறு நிமிஷம். ராஜாவின் முத்திரை மோதிரத்துக்குக்கூட இவ்வளவு மரியாதை இருந்திருக்காது.

மாதாமாதம் ஆஸ்பத்திரிக்கு நானே நேரில் போனால்தான் மாத்திரை தருவார்கள், உனக்குத் தெரியும். லீவுக்குக் காரணம் சொல்ல வேண்டுமே. இந்தத் தடவை ஒரு பெரியப்பாவைக் கொன்றுவிட்டேன். நமக்கு எத்தனை பெரியப்பா என்று ஒரு கணக்கு எழுதி அனுப்பு, பார்த்துச் செலவு செய்கிறேன்.

மருந்து கவுன்ட்டரில் காலி அட்டைகளை வாங்கி எண்ணிப் பார்த்தார்கள். மாத்திரை எண்ணிக்கை சரியாக இருக்கிறது. நீ கவலைப்படாதே.

அன்புடன்,
உன் சில்வண்டு


பிப்ரவரி 13

என் கொலைகாரத் தங்கைக்கு,

உன் கடிதத்தைப் படித்து அடுப்படியில் தனியாகச் சிரித்தேன். ஜல்லி உடைக்கிறவர் எட்டிப் பார்த்து, "சமையக்காரம்மாவுக்குச் சிரிக்கக்கூட வருமா?" என்று கேட்டார். அன்றைக்கு அவருக்கு இரண்டாம் தடவை குழம்பு கிடைக்கவில்லை.

முட்டி பரவாயில்லை. எண்ணிக்கை சரி என்று எழுதியிருந்தாயே, அன்று நிம்மதியாகத் தூங்கினேன். பெரியப்பாக்கள் மொத்தம் இரண்டு பேர்தான், அவர்களும் நிஜமாகவே எப்போதோ போய்விட்டார்கள். இனிமேல் சித்தப்பாக்களைத் தொடு.

ஆனால் ஒன்று. மாத்திரை போட்டால் உனக்கு வயிற்றைப் புரட்டுமே, மிஷினில் உட்கார்ந்துகொண்டு எப்படிச் சமாளிக்கிறாய்? அதைப்பற்றி ஒரு வரிகூடக் காணோம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


மார்ச் 22

அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துவிடு. லைனில் புது ஆர்டர். கை வைத்து வைத்து என் கை எங்கே இருக்கிறதென்றே மறந்துவிட்டது.

நான் நன்றாக இருக்கிறேன். கண் மட்டும் கொஞ்சம் வீங்குகிறது. இரவெல்லாம் அழுதாயா என்று காலர்காரி கேட்டாள், டி.வி. நாடகம் பார்த்து அழுததாகச் சொல்லிச் சமாளித்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எழுந்திருக்க முடிவதில்லை, நாள் முழுக்கப் படுத்தே கிடக்கிறேன். எல்லாம் அலுப்புதான். திங்கட்கிழமை வந்தால் சரியாகிவிடும்.

மாத்திரை எண்ணிக்கை சரியாக இருக்கிறது. அடுத்த மாத நடுவில் பெரிய பரிசோதனை.

நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? அறுபது பேருக்குப் போட்டுவிட்டு மிச்சத்தை வழித்துத் தின்னாதே.

சில்வண்டு


ஏப்ரல் 24

சில்வண்டு,

நாலு வாரமாக லாரி வந்தது. உருளைக்கிழங்கு வந்தது, எண்ணெய் வந்தது, உன் கடிதம் வரவில்லை. டிரைவரைப் பிடித்துக் கேட்டால், "எழுதாத லெட்டரை நான் எங்கிருந்தும்மா கொண்டு வர்றது?" என்கிறார்.

நீ வேலையில் மும்முரமா, உடம்புக்கு முடியவில்லையா, இல்லை என்னிடம் எதையோ மறைக்கிறாயா? வேலையென்றால் மன்னிக்கிறேன். உடம்பென்றால் ஓடி வருகிறேன். மறைத்தால் என்ன செய்வேன் என்று உனக்கே தெரியும்.

பரிசோதனை என்ன ஆனது? ஒரு வரியாவது எழுது.

அக்கா


மே 8

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமா? இதை உட்கார்ந்துகொண்டு படி.

பரிசோதனை முடிவு வந்துவிட்டது. ஒன்பது இறங்கியிருக்க வேண்டும், ஏறி இருபத்துநான்காகிவிட்டது. டாக்டரம்மா ரிப்போர்ட்டை இரண்டு தடவை படித்தார். மருந்து கவுன்ட்டருக்கு ஆளனுப்பி என் அட்டைக் கணக்கைக் கொண்டுவரச் சொன்னார். ஒரு மாத்திரைகூடக் குறையவில்லை. "ஒழுங்கா போட்டும் ஏறுதுன்னா இந்த மருந்துக்கு உன் நோய் கட்டுப்படலைன்னுதாம்மா அர்த்தம்" என்றார். அடுத்து இதைவிட வீரியமான மருந்துதான் இருக்கிறதாம். அதை இங்கே இலவசமாகத் தருவதில்லை. வெளியே வாங்குவதென்றால் நாம் இரண்டு பேரும் விலைபோனாலும் போதாது. ஜூன் கடைசியில் வரச் சொல்லியிருக்கிறார், அன்றைக்கு முடிவு செய்வார்களாம்.

நான் அழவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வீடு வரைக்கும் கடை போர்டுகளைப் படித்துக்கொண்டே வந்தேன். என் நோய்க்கு என் மாதிரியே திமிர் போலிருக்கிறது.

நீ வேலையை விட்டுவிட்டு வராதே. வந்து என்ன செய்யப்போகிறாய்?

உன் தங்கை


மே 16

தங்கைக்கு,

உன் கடிதம் வந்த அன்று சோறு குழைந்துபோனது. அறுபது பேரும் வாயைத் திறக்காமல் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

அழுது முடித்துவிட்டு உன் கடிதங்களையெல்லாம் எடுத்து வரிசையாகப் படித்தேன். ஜனவரியில், எண்ணிக்கை சரி. மார்ச்சில், எண்ணிக்கை சரி. மே மாதம், ஒன்றுகூடக் குறையவில்லை. "தினமும் போடுகிறேன்" என்று ஒரு கடிதத்தில்கூட நீ எழுதவில்லை. வயிற்றைப் புரட்டவில்லையா என்று கேட்டதற்குப் பதிலும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் எழுந்திருக்க முடியாதாம், திங்கட்கிழமை சரியாகிவிடுமாம். எந்த நோயடி வாரவிடுமுறை பார்த்து வரும்?

நீ சின்ன வயதிலிருந்தே என்னிடம் நேராகப் பொய் சொன்னதில்லை. உண்மையில் எனக்குப் பிடித்த துண்டை மட்டும் வெட்டிக் கொடுப்பாய். எனக்கு இப்போது முழுசும் வேண்டும். மாத்திரையை எப்படிப் போடுகிறாய்? கதை வேண்டாம், சிரிப்பு வேண்டாம்.

டிரைவரிடம் சொல்லியிருக்கிறேன். உன் பதில் இல்லாமல் லாரி வந்தால் அவருக்கு இங்கே பச்சைத்தண்ணீர்கூடக் கிடையாது.

அக்கா


மே 30

அக்கா,

சொல்லிவிடுகிறேன். திட்டாமல் கடைசி வரைக்கும் படி.

வேலைக்குத் திரும்பிய முதல் வாரம் தினமும்தான் போட்டேன். காலையில் போட்டால் பத்து மணிக்கு வயிறு கலக்கும். இரவில் போட்டால் விடிந்ததும் பஸ்ஸில் கலக்கும். டோக்கன் ஆணியில் இருந்தால் ஓடுவேன், யாராவது எடுத்துப் போயிருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இரண்டு தடவை போய்விட்டு மூன்றாவதாகக் கேட்டபோது நிமிஷக்காரர் லைன் முழுக்கக் கேட்கிற மாதிரி, "உனக்கு மட்டும் தனியா ஒண்ணு கட்டித் தரவா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுத்த வாரம் ஒரு நாள், வியாழக்கிழமை, என்னால் முடியாமல் போய்விட்டது. மிஷினிலேயே. தண்ணீரைக் கொட்டிக்கொண்டேன் என்று சொல்லி, வெட்டின துணியை இடுப்பில் சுற்றிக்கொண்டு சாயங்காலம் வரை கை வைத்தேன்.

நோய் என்று சொன்னால் வேலை போய்விடும். சொல்லாமல் எத்தனை தடவை எழுந்திருப்பது? அப்போதுதான் யோசித்தேன். எங்கள் லைனில் திங்கட்கிழமை இருபது பீஸ் குறைந்தால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். சனிக்கிழமைக்குள் சேர்த்துத் தைத்துக் கொடுத்துவிட்டால் வாரக் கணக்கு நேராகிவிடும். ஏழு வருஷமாக அப்படித்தான் வேலை செய்கிறேன். மாத்திரையும் வாரத்துக்கு ஏழு. வேலை நாளில் போடாமல் விட்டேன். சனிக்கிழமை சாயங்காலம் மூன்று, ஞாயிறு காலையில் இரண்டு, மாலையில் இரண்டு. நாள் முழுக்க வாந்தி, வயிற்றுப்போக்கு, காலில் சதைப்பிடிப்பு. ஆனால் அது என் அறை, என் பாத்ரூம், கடிகாரம் இல்லை. திங்கட்கிழமை காலையில் கணக்கு நேர்.

சத்தியமாகச் சொல்கிறேன் அக்கா, நான் யாரையும் ஏமாற்றவில்லை. ஏழும் உள்ளேதானே போகிறது என்று நினைத்தேன். டாக்டரம்மா "இந்த மருந்துக்கு நோய் கட்டுப்படலை" என்று சொன்னபோதுதான் என் கணக்கு தப்போ என்று தோன்றியது. அப்போதும் வாயைத் திறக்கவில்லை. வெட்கமாக இருந்தது. உயிர் போகிற விஷயத்தில் வெட்கப்படுகிறவள் என்னைத் தவிர யார் இருப்பார்கள்?

உன் தங்கை


ஜூன் 7

என் கண்ணுக்கு,

முதலில் ஒரு மூச்சு திட்டிவிடுகிறேன். அறிவு கெட்டவளே, மாத்திரை என்ன சட்டைக்கையா? ஆறு நாள் சோறில்லாமல் கிடந்து ஏழாம் நாள் ஏழு நாள் சோற்றையும் தின்றால் உடம்பு ஒத்துக்கொள்ளுமா? சரி, திட்டு முடிந்தது.

இனி என் பங்கு. யாரிடமும் மூச்சு விடாதே என்று சொன்னது யார்? நான். அந்த வியாழக்கிழமை நீ இடுப்பில் துணியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாயே, அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு வெடிக்கிறது. உன்னை அங்கே உட்கார வைத்தது அந்தக் கடிகாரக்காரன் மட்டுமில்லை, நானும்தான். உன் வேலைக்குப் பயந்தேன், எவனோ ஒரு வராத மாப்பிள்ளைக்குப் பயந்தேன். உன் உயிருக்குப் பயப்பட மறந்துவிட்டேன். என்னை மன்னித்துவிடு.

அந்தப் பேச்சை இப்போது திரும்ப வாங்கிக்கொள்கிறேன். ஜூன் கடைசி வரைக்கும் காத்திருக்காதே, நாளைக்கே டாக்டரம்மாவிடம் போ. எனக்கு எழுதியதை அப்படியே சொல். மருந்து தோற்கவில்லை, அதை நீ வேலை செய்யவே விடவில்லை என்று சொல். அப்புறம் லைனிலும் சொல். சத்தமாகச் சொல். வேலை போனால் போகட்டும், இங்கே வெங்காயம் நறுக்க ஆள் வேண்டும். நீ செய்தது திருட்டா, கொலையா? நோய் வந்ததற்கு நீ எதற்காகத் தலைகுனிய வேண்டும்?

நான் வரட்டுமா? ஒரு வார்த்தை எழுது, கரண்டியோடு வருகிறேன்.

உன் அக்கா


ஜூலை 12

அன்புள்ள அக்காவுக்கு,

நீ வர வேண்டியதில்லை. கரண்டியை அங்கேயே வைத்திரு.

டாக்டரம்மாவிடம் சொன்னேன். சொல்லி முடித்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். "எத்தனை மாத்திரை மிச்சம்னுதான் நாங்க எண்ணினோம். எப்படிப் போடறேன்னு ஒருத்தரும் கேக்கலையே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அப்புறம் என்னையும் விடவில்லை. சேர்த்துப் போடுவது சும்மா இருப்பதைவிட ஆபத்தாம், இதயம் நின்றிருக்கலாமாம். இன்னும் மூன்று மாதம் இதே மருந்து, தினம் ஒன்று, பெரிய சாப்பாட்டின் நடுவில், ஒரு சொம்பு தண்ணீரோடு. வாந்திக்குத் தனி மாத்திரை. "இப்பவும் இறங்கலைன்னா என் கையில ஒண்ணும் இல்லம்மா" என்றார். ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தார்.

திங்கட்கிழமை காலையில் சாப்பிட்டு, மாத்திரையைப் போட்டுக்கொண்டு லைனுக்குப் போனேன். பத்தரைக்கு வயிறு கலக்கியது. டோக்கன் ஆணியில் இல்லை. எழுந்தேன்.

"எங்க போற?" என்றார் நிமிஷக்காரர்.

"பாத்ரூம் சார்."

"டோக்கன் வரட்டும்."

"டோக்கன் வர்ற வரைக்கும் என் வயிறு நிக்காது சார். எனக்கு ரத்தத்துல கேன்சர். தினமும் மாத்திரை போட்டா பொழைச்சுக்குவேன். போட்டா வயித்தக் கலக்கும். போயிட்டு வந்து தைக்கிறேன்."

நாற்பது மிஷினும் நின்றுவிட்டது. அந்த ஷெட்டில் மின்விசிறிச் சத்தத்தை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன்.

"நீ எந்திரிச்சா லைன் நிக்கும்!"

"நிக்கட்டும் சார்."

திரும்பி வந்தபோது பட்டன்காரி தன் தண்ணீர் பாட்டிலை என் பக்கமிருந்து எடுத்து அந்தப்பக்கம் வைத்திருந்தாள். அது வலித்தது, பொய் சொல்லமாட்டேன். நிமிஷக்காரர் என் பெயரை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். அப்போது காலர்காரி எழுந்தாள், டோக்கனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"உனக்கு என்ன நோய்?" என்று அவளிடம் கத்தினார்.

"எனக்கு நோய் ஒண்ணும் இல்ல சார். போகணும், போறேன்."

அவளுக்குப் பின்னால் பாக்கெட் தைக்கிறவள் போனாள். அப்புறம் இரண்டு பேர், அப்புறம் நான் எண்ணவில்லை.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, வீட்டில் இருந்து ஓய்வெடுக்கலாமே என்று ரொம்ப அன்பாகச் சொன்னார். டாக்டரம்மா கடிதத்தைக் காட்டி, "ஓய்வு நான் கேக்கலையே சார், பாத்ரூம் கதவைத்தானே திறக்கச் சொல்றேன்" என்றேன். என்னைத் தூக்கி நூல் வெட்டுகிற மேஜையில் போட்டார்கள். என் இடத்தில் கை வைக்க மூன்று பேரை மாற்றிப் பார்த்தார்கள். கையில்லாத சட்டை மலை மாதிரி குவிந்தது. நாலாம் நாள் நிமிஷக்காரரே வந்து, "உன் மிஷினுக்குப் போ" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

எங்கள் லைனில் இப்போது யாரும் டோக்கனைக் கேட்பதில்லை. மற்ற லைன்களில் இன்னும் தொங்குகிறது. பட்டன்காரி இன்னும் பாட்டிலைத் தள்ளித்தான் வைக்கிறாள். வைக்கட்டும். வயிறு முன்னைவிடத் தேவலை. தினமும் போடுகிறேன் அக்கா. எழுதிவிட்டேன் பார், தினமும்.

உன் சில்வண்டு


அக்டோபர் 3

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறாயா? இருபத்துநான்கு மூன்றாகிவிட்டது. நூற்றுக்கு மூன்று. இன்னும் இறங்க வேண்டும், இன்னும் பல வருஷம் போட வேண்டும், அதெல்லாம் டாக்டரம்மா சொன்னார். நான் மூன்று என்பதை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். உன் லாரி டிரைவருக்கு ஒரு வாரம் இரண்டாம் தடவை சாப்பாடு போடு, என் கணக்கில்.

வெளியே பெஞ்சில் ஒருவர் ரிப்போர்ட்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். மடியில் என்னுடையது மாதிரியே காலி மாத்திரை அட்டைகள். அடுக்குமாடி கட்டுகிற இடத்தில் கிரேன் ஓட்டுகிறவராம். காலையில் மேலே ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவாராம். நோய் ஏறிக்கொண்டே போகிறது, இந்த மருந்து பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள் என்றார்.

"அட்டையெல்லாம் எண்ணிப் பார்த்தாங்கம்மா. எண்ணிக்கை சரியாத்தான் இருக்கு" என்றார்.

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எந்தெந்த நாள் போடறதில்லண்ணா?" என்று கேட்டேன்.

 அவர் கதவைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, ஒவ்வொரு விரலாக மடக்கி, திங்கட்கிழமையிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். பஸ் வந்து போனது. அடுத்ததும் போனது. அவர் சொல்லி முடித்ததும், டாக்டரம்மா அறைக்குள் அவரோடு நானும் போனேன்.

உன் தங்கை